வேலைக்குப் போகிறவர்களுக்கும் மோர்கேஜ் வட்டிக்கு உதவி உண்டு

"வேலை செய்தா ஒண்டும் தரமாட்டினம், தங்கச்சி. நான் அனுபவப்பட்டனான்."

2023 ஏப்ரலில், எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, நான் ஊற்றிக் கொடுத்த தேநீரை ஆறவிட்டபடி எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர், மோர்கேஜ் எனப்படும் வீட்டுக்கடனின் வட்டிக்கு அரசாங்கம் தரும் உதவியைப் பற்றி இதைச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அது மூன்று வாரங்களுக்கு முன்புவரை சட்டமாகவே இருந்தது. ஆனால் அந்த மூன்று வாரங்களுக்குள் சட்டம் மாறிவிட்டது என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதன் பிறகு நாங்கள் விசாரிக்கப் போன இலவச ஆலோசனை நிலையம் ஒன்றில் எங்களுடன் பேசியவரும் இதையே இன்னும் உறுதியான குரலில் சொல்லி அனுப்பினார். இலண்டனில் வசிக்கும் நம்மவர்களில் பலர் இன்றும் அந்தப் பழைய சட்டத்தையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்பதால், நாங்கள் பட்டு அறிந்ததை முறையாக எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

அந்த ஆண்டு பெப்ரவரியில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. அவர் பொதிகளை விநியோகிக்கும் வாகனத்தின் சாரதி. வலக்கையும் வலக்காலும் இயங்காத ஒருவர் அந்த வேலைக்குத் திரும்ப முடியாது என்பதை மருத்துவர்கள் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலாளி நோய்க்காலச் சம்பளம் கொடுத்தார். அது சட்டப்படியான குறைந்தபட்சத் தொகை, அந்த ஏப்ரலிலிருந்து வாரத்துக்கு 109.40 பவுண், அதுவும் 28 வாரங்களுக்கு மட்டும். நான் ஒரு பாடசாலைச் சமையலறையில் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். கைக்கு மாதம் 780 பவுண் அளவில் வரும். இரண்டு பிள்ளைகள். வங்கிக்குக் கொடுக்க வேண்டிய வீட்டுக்கடனில் 1,80,000 பவுண் மீதம் இருந்தது.

இந்த நிலையில்தான் எங்களுடைய நிலையான வட்டிக் காலமும் அந்த யூன் மாதத்தில் முடிய இருந்தது. அதுவரை 1.9 சதவீதம் கட்டிவந்தோம். 2021 டிசம்பரில் 0.1 சதவீதமாக இருந்த இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2023 ஓகஸ்டில் 5.25 சதவீதத்தைத் தொட்டது என்பதை இந்நாட்டில் கடன் வைத்திருந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த புதிய வட்டி 5.9 சதவீதம். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் பார்த்தால்கூட, மாதம் 285 பவுணாக இருந்தது 885 பவுணாக மாறியது. அந்த 885 என்ற எண்ணை மின்கட்டணக் கடித உறையின் பின்புறத்தில் எழுதி, நான் ஏதோ பிழையாகக் கணக்கிட்டுவிட்டேன் என்று மூன்று முறை பெருக்கிப் பார்த்தது நினைவிருக்கிறது.

சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு மோர்கேஜ் வட்டியில் ஒரு பங்கைச் செலுத்த உதவும் அரசாங்க ஏற்பாடு இந்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. அதன் வரலாறு ஒரு நீண்ட சுருக்கத்தின் வரலாறு என்றே சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபருக்குப் பின் கடன் எடுத்தவர்கள் 39 வாரங்கள் காத்திருந்த பிறகே உதவி பெறலாம் என்று ஆக்கினார்கள். 2009 சனவரியில், பொருளாதாரம் சரிந்திருந்த நேரத்தில், அதை 13 வாரங்களாகக் குறைத்து, கணக்கில் எடுக்கும் கடனின் உச்சவரம்பையும் 1,00,000 பவுணிலிருந்து 2,00,000 பவுணாக உயர்த்தினார்கள். 2016 ஏப்ரலில் மறுபடியும் 39 வாரங்களுக்கே கொண்டுபோனார்கள். எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் 2018 ஏப்ரல் 6 அன்று வந்தது. அன்றுவரை அது திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத உதவிப்பணம். அன்றிலிருந்து அது வீட்டின் மேல் ஈடு வைத்துக் கொடுக்கப்படும் கடன். பெயரில் மட்டும் 'மோர்கேஜ் வட்டிக்கான ஆதரவு' என்பது அப்படியே இருக்கிறது.

இவற்றோடு, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அரசாங்கம் மாதந்தோறும் தரும் உதவிப்பணமான யுனிவர்சல் கிரெடிட் வந்தபோது இன்னொரு விதியும் சேர்ந்தது. தம்பதியரில் யாராவது ஒருவர் ஒரு பவுண் சம்பாதித்தாலும் அந்த மாதத்துக்கு மோர்கேஜ் வட்டி உதவி கிடையாது. அது மட்டுமல்ல, அதுவரை காத்திருந்த ஒன்பது மாதமும் அழிந்து, எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இப்படி ஒரு விதி இல்லை. அவர் சிறிது சம்பாதித்தால் உதவி சிறிது குறையும், அவ்வளவுதான். சொந்த வீட்டுக்காரருக்கு மட்டும் முழுக் கதவும் அடைபட்டது.

என் சமையலறையில் தேநீரை ஆறவிட்ட அக்காவின் கதை இதுதான். 2019 இல் அவருக்கு ஓர் அலுவலகத்தைத் துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. வாரம் எட்டு மணித்தியாலங்கள், அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.21 பவுண், ஆக மாதத்துக்கு ஏறக்குறைய 285 பவுண். பிள்ளை உள்ளவர் என்பதால் அந்தச் சம்பளத்துக்காக அவருடைய யுனிவர்சல் கிரெடிட்டில் ஒரு சதமும் குறைந்திருக்காது. ஆனால் 1,50,000 பவுண் கடனுக்கு, அப்போதைய 2.61 சதவீதக் கணக்கில் மாதம் 326 பவுண் வட்டி உதவி வந்துகொண்டிருந்தது, அது நின்றுவிடும். 285 பவுண் சம்பாதிக்க 326 பவுணை இழந்து, மீண்டும் தேவைப்பட்டால் இன்னும் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்ற நிலையில் அவர் இரண்டாவது வாரத்திலேயே வேலையை விட்டார். அவரை யாரும் சோம்பேறி என்று சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அவர் ஊரில் கணித ஆசிரியையாக இருந்தவர். அந்தக் கணக்கை அவரைவிடச் சரியாக யாரும் போட்டிருக்க முடியாது.

2022 நவம்பர் 17 அன்று அப்போதைய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் வெளியிட்ட இலையுதிர்கால நிதி அறிக்கையில் இந்த விதியை நீக்குவதாக அறிவித்தார். அந்த அறிக்கையின் பெரும்பகுதி வரி உயர்வு, எரிசக்திக் கட்டணம் என்றிருந்ததால் இது எங்கள் கண்ணில் படவில்லை. 2023 ஏப்ரல் 3 முதல் இரண்டு மாற்றங்கள் நடைமுறைக்கு வந்தன: சம்பாதிப்பவர்களும் யுனிவர்சல் கிரெடிட் பெறும்வரை இந்த உதவியைப் பெறலாம், ஒன்பது மாதக் காத்திருப்பு மூன்று மாதமாகிறது. நாங்கள் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தது அதற்குப் பின்பு, ஏப்ரல் நடுப்பகுதியில். பழைய விதியே இருந்திருந்தால் என் சமையலறைச் சம்பளம் மட்டுமல்ல, என் கணவருடைய நோய்க்காலச் சம்பளமும் எங்களைத் தடுத்திருக்கும், ஏனென்றால் கணக்கில் அதுவும் 'சம்பாத்தியம்' என்றே கொள்ளப்படுகிறது. நான் வேலையை விட்டாலும், படுக்கையில் கிடக்கும் மனிதர் தன் நோய்க்காலச் சம்பளத்தை எப்படி விடுவார்?

எங்கள் ஒரு மாதக் கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் தொகைகள் இல்லாமல் இதை விளக்கியவர்கள் யாரும் எனக்கு விளங்கும்படி விளக்கவில்லை. 2023–24 இல், 25 வயதைத் தாண்டிய தம்பதிக்கு யுனிவர்சல் கிரெடிட்டின் அடிப்படைத் தொகை 578.82 பவுண். 2017 ஏப்ரலுக்கு முன் பிறந்த மூத்த பிள்ளைக்கு 315.00, இளையவருக்கு 269.58, மொத்தம் 1,163.40. பிள்ளைகள் இருப்பதால், சம்பளத்தில் முதல் 631 பவுணை அவர்கள் தொடவில்லை. வாடகைக்காக யுனிவர்சல் கிரெடிட்டில் பணம் பெறுபவர்களுக்கு இந்த விலக்கு அப்போது 379 பவுண் மட்டுமே. மோர்கேஜ் வட்டிக்குக் கிடைப்பது தனிக் கடன் என்பதால், அதைப் பெற்றாலும் எங்களுக்கு உயர்ந்த விலக்கே பொருந்தியது. என் 780 பவுணும் இவருடைய நான்கு வார நோய்க்காலச் சம்பளம் 437.60 பவுணும் சேர்ந்து 1,217.60, விலக்குப் போக மீதி 586.60, அதில் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் கழிப்பார்கள், ஆக 322.63. கைக்கு வந்த யுனிவர்சல் கிரெடிட் 840.77 பவுண். ஐந்து வாரச் சம்பளம் விழும் மாதத்தில் இதுவே 780.60 ஆகக் குறையும். சம்பளம் கூடிக் கூடி யுனிவர்சல் கிரெடிட் பூச்சியமாகிவிட்டால் மோர்கேஜ் உதவியும் அத்துடன் நின்றுவிடும் என்பதால், மேலதிக வேலை எடுப்பவர்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது நல்லது.

மோர்கேஜ் வட்டிக்கான தொகையை எங்கள் வங்கி கேட்கும் வட்டிவீதத்தில் தரவில்லை. நாட்டில் நிலவும் சராசரி மோர்கேஜ் வட்டியை வைத்து அரசாங்கம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வீதத்தை நிர்ணயிக்கிறது. சராசரி அரைச் சதவீதமாவது விலகினால்தான் அதை மாற்றுகிறார்கள். 2023 மே மாதத்திலிருந்து அது 2.65 சதவீதமாக இருந்தது. எங்கள் 1,80,000 பவுணுக்கு மாதம் 397.50 பவுண். வங்கி கேட்டதோ 885. மீதி 487.50 எங்கள் பொறுப்பு. சராசரி என்பது பழைய மலிவு வட்டியில் இருப்பவர்களையும் சேர்த்த சராசரி ஆகையால், அந்த ஆண்டில் புதிதாக வட்டி மாறியவர்கள் யாருக்கும் அது போதியிருக்காது. மறுபுறம், வங்கியின் வட்டி இந்த வீதத்தைவிடக் குறைவாக இருப்பவர்களுக்கு மிகுதி கடன் தொகையில் கழியும். பணம் நம் கைக்கு வராமல் நேரே கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போகிறது. காப்புறுதிக்கோ, முதலைக் குறைப்பதற்கோ, பழைய நிலுவைக்கோ என்று இதைக் கேட்டுப் பெற முடியாது.

அந்த மீதியைச் சமாளிக்க உதவியது அதே கோடையில் வந்த மோர்கேஜ் சாசனம். 2023 யூனில் அரசாங்கமும் பெரும்பாலான கடன் நிறுவனங்களும் செய்துகொண்ட அந்த உடன்பாட்டின்படி, தவணையை ஒழுங்காகக் கட்டிவந்தவர்கள் ஆறு மாதத்துக்கு வட்டியை மட்டும் கட்டலாம். புதிதாக வருமானச் சோதனை இல்லை, கடன் மதிப்பெண்ணும் கெடாது. நாங்கள் அதைக் கேட்டுப் பெற்றோம். கேட்டுப் பெற்றோம் என்பதை அழுத்திச் சொல்கிறேன்; தவணை ஒன்று தவறிய பிறகு கேட்டிருந்தால் அது கிடைத்திருக்காது.

மூன்று மாதங்கள் யூலை நடுவில் நிறைவடைந்தன. யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் ஜர்னல் பகுதியில் நான்தான் முதலில் எழுதிக் கேட்டேன். வங்கி நிரப்ப வேண்டிய படிவம் போய்த் திரும்பி வரச் சில வாரங்கள் பிடித்தன. பிறகு கடன் ஒப்பந்தமும், வீட்டின் மேல் ஈடு பதிவதற்கான பத்திரமும் தபாலில் வந்தன.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மாவுக்குத் தொலைபேசியில் இதை விளக்கியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "உறுதியிலை ஆற்றையும் பேர் ஏறுமோ?" என்பது. ஒற்றிக்கும் ஈட்டுக்கும் காணியை இழந்த குடும்பங்களைக் கண்டு வளர்ந்தவருக்கு வேறு எந்தக் கேள்வியும் தோன்றாது. பெயர் ஏறாது, உரிமை எங்களிடமே இருக்கும். ஆனால் நிலப் பதிவகத்தில் எங்கள் வங்கியின் ஈட்டுக்குக் கீழே அரசாங்கத்தின் ஈடு ஒன்று பதியப்படும். வீட்டை விற்கும்போது முதலில் வங்கி எடுக்கும், அடுத்து அரசாங்கம் எடுக்கும், எஞ்சியது நமக்கு. அரசாங்கத்தின் கடனை அடைக்க விற்ற பணம் போதாவிட்டால், போதாத பகுதியைத் தள்ளிவிடுகிறார்கள். அதற்காக நம்மைத் துரத்துவதில்லை. விற்காமல் இருக்கும்வரை மாதத் தவணை கிடையாது. உதவி நின்ற பின்பும் உடனே திருப்பித் தரச் சொல்வதில்லை. விரும்பினால் ஒரு தடவைக்குக் குறைந்தது 100 பவுணாகத் திருப்பிக் கட்டலாம்.

இதில் கசப்பான பகுதி, கிடைக்கும் கடனுக்கும் வட்டி உண்டு என்பது. அரசாங்கப் பிணைமுறிகளின் வட்டியை ஒட்டி அந்த வீதம் ஆண்டுக்கு அதிகபட்சம் இரண்டு தடவை மாறும். வட்டி நாளுக்கு நாள் கணக்கிடப்பட்டு, வட்டிக்கு வட்டியாகக் கடனில் சேர்கிறது. வட்டி கட்டுவதற்காக வட்டிக்குக் கடன் வாங்குகிறோம் என்று இவர் சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அப்போது எங்கள் முன்னால் இருந்த மற்ற வழிகள் இவைதான்: தெரிந்தவரிடம் நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டிக்கு வாங்குவது, பத்தாயிரம் பவுண் சீட்டைக் கழிவுக்கு எடுப்பது, என் தாலிக்கொடியை அடகு வைப்பது, அல்லது வீட்டை விற்று இந்தப் பகுதியில் மாதம் 1,800 பவுண் வாடகைக்குப் போவது. நம் சனத்தில் பலர் முதல் மூன்றையும் எந்தக் கூச்சமும் இல்லாமல் செய்வார்கள். அரசாங்கத்திடம் கேட்க மட்டும் கூசுவார்கள். 'சொந்த வீடு வைத்துக்கொண்டு பெனிபிட் எடுக்கிறார்கள்' என்று கோயிலில் பேசிவிடுவார்களாம்.

கையெழுத்திட்ட நாளை மறக்க முடியாது. வீட்டின் உரிமையாளர் அனைவரும் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும், குடும்பத்தைச் சேராத ஒருவர் பார்த்துச் சாட்சியிட வேண்டும். இவருக்கு வலக்கை இன்னும் திரும்பியிருக்கவில்லை. முந்தைய நாள் மாலை முழுவதும் பிள்ளையின் கொப்பியில் இடக்கையால் தன் பெயரை எழுதிப் பழகினார். முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப் போல, 'எஸ்' தலைகீழாக விழுந்து விழுந்து எழுந்தது. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசையருகே நின்றார். இவர் பேனையைப் பிடித்து, தாளை நான் அசையாமல் பிடித்திருக்க, ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்து எழுதி முடித்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வீடு வாங்கியபோது அதே பெயரைப் பார்க்காமலே கிறுக்கித் தள்ளியவர். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, எங்கள் குப்பைத் தொட்டியை வெளியில் இழுத்து வைத்துவிட்டுப் போனார்.

செப்டெம்பரில் வங்கியின் கணக்கில் முதல் தொகை விழுந்தது.

ஒன்றை இடையில் சொல்ல மறந்துவிட்டேன், அது நம்மவர்களுக்கு முக்கியமானது. எங்களைப் போன்றவர்களுக்கு யுனிவர்சல் கிரெடிட்டே கிடைக்காவிட்டால் இதற்கு வழியில்லை. சேமிப்பு 16,000 பவுணைத் தாண்டினால் யுனிவர்சல் கிரெடிட் கிடையாது. நாம் வசிக்கும் வீட்டை அதில் சேர்ப்பதில்லை. ஆனால் ஊரில் நம் பெயரில் காணியோ வீடோ இருந்தால் அதன் பெறுமதியும் சேமிப்பாகவே பார்க்கப்படும், அதை மறைக்காமல் அறிவிக்க வேண்டும். எங்களுக்கு அங்கே எதுவும் இல்லை. சீதனக் காணி தன் பெயரில் இருப்பதையே பலர் மறந்துபோய் விண்ணப்பித்து, பின்னர் பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்வதைவிட முதலில் ஆலோசனை கேட்பது மேல். சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடங்களில் கட்டணம் இல்லை. ஒரு நபர் இல்லை என்று சொன்னால் அதோடு விடாமல், எந்தத் திகதியிலிருந்து அந்த விதி நடைமுறையில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் ஏப்ரலிலேயே கேட்டிருந்தால் பல வார உறக்கம் மிஞ்சியிருக்கும்.

முதல் தொகை விழுந்த அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். வேலை செய்யும் எனக்கு இது கிடைத்தது என்று சொன்னதும் அவர் முகம் மலரவில்லை. "எழுத்திலை தந்தவையோ?" என்று கேட்டார். அரசாங்க இணையதளத்தில் ஏப்ரல் 3 என்று திகதியிட்டுச் சொல்லும் பக்கத்தை அச்சிட்டு மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இரண்டு தடவை வாசித்து, 2018 இல் தான் கையெழுத்திட்ட ஈட்டுப் பத்திரம் இருக்கும் கோப்புக்குள் அதையும் வைத்தார். நவம்பரில் அவர் ஓர் அலுவலகத்தைத் துப்புரவாக்கும் வேலைக்குச் சேர்ந்தார். காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை. நான் பாடசாலைக்குப் புறப்படும்போது அவர் வேலை முடிந்து எதிரே வருவார்.